கிட்டார் கம்பெனி கைமாறினால் பழைய வாடிக்கையாளர் கூடவே போவாரா?

கேள்வி: பெயர்பெற்ற கிட்டார் கம்பெனி ஒன்றை வேறு யாரோ வாங்கிவிட்டால், பழைய வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரை நம்பித் தொடர்ந்து வாங்குவார்களா, விலகிவிடுவார்களா?

இரண்டும் நடக்கும். அதுவும் ஒரே ஆளிடம். பெயரை விடமாட்டார், புதுசு மட்டும் வாங்கமாட்டார். இதற்கு அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் கம்பெனியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மெல்லிசைக் குழுவில் பல வருடமாக வாசிக்கிறேன். நண்பர்களின் கிட்டார்களுக்குக் கம்பி மாற்றி செட்டப் செய்து கொடுப்பதும் உண்டு. கிட்டார்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் 'ப்ரீ-சிபிஎஸ்' என்று ஆரம்பித்துவிடுவார், அதாவது ஃபெண்டரை சிபிஎஸ் என்ற நிறுவனம் வாங்குவதற்கு முன்னால் செய்த கிட்டார். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அப்படி ஒரு கிட்டாரைத் தொட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் கிட்டாரைப் பார்த்ததே ரிப்பேர்காரர் கண்ணால்தான். நெக்கை, அதாவது கிட்டாரின் நீளமான கழுத்தை, பாடியோடு பசை போட்டு ஒட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். ரேடியோவில் வால்வு போனால் கழற்றி வேறு போடுகிற மாதிரி, நெக் போனால் வேறு நெக். இப்படி வந்ததுதான் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார், அப்புறம் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். உடம்புக்கு முடியாமல் போனது, ஒரு தொற்று வருடக்கணக்கில் விடவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று நினைத்து 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டார். சிபிஎஸ் என்றால் டிவி, ரேடியோ நடத்துகிற பெரிய நிறுவனம். அதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதத்தை 1.12 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. பேஸ்பால் அணியை விட கிட்டார் கம்பெனிக்கு அதிகம்! விற்றபிறகு வேறொரு டாக்டரிடம் போய் லியோவுக்குக் குணமாகிவிட்டது, 1991 வரை இருந்தார்.

புது முதலாளி வந்த வருடமே ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் கம்பெனி பெயர் இருக்கும் தலைப்பகுதி) பெரிதானது. பெயர் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்பதற்காக என்பார்கள். 1960களின் கடைசியில் மெல்லிய பூச்சு போய் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கைப் பிடிக்கும் நாலு ஸ்க்ரூ மூன்றானது. வாசிப்பவர்கள் எதை வேண்டுமானாலும் பொறுத்திருப்பார்கள், அந்த ஸ்க்ரூவை மட்டும் மன்னிக்கவே இல்லை. நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தால் போதும், முதல் கம்பியோ ஆறாவது கம்பியோ ஓரத்துக்கு நகர்ந்துவிடும், ட்யூனிங் நிற்காது. அந்தக் காலத்துக் கிட்டார் எல்லாமே அப்படி இல்லை. ஆனால் கடையில் கிட்டாரைத் திருப்பிப் பார்த்ததும் மூன்று ஸ்க்ரூ கண்ணில் படும். கணக்குப் பிள்ளை கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதை விடக் கண்கூடான அத்தாட்சி வேண்டாம்.

அப்போது வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள்? பலர் பழைய கிட்டார் கடைக்குப் போனார்கள். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில் நகரத்தில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமாக அள்ளினார். அப்போது அவை ஃபேஷன் போன சாமான், மலிவாகக் கிடைத்தன. ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்சென்ட், ஸ்டீவ் வின்வுட் என்ற சக ராக் கலைஞர்கள் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒன்றின் பாடி, இன்னொன்றின் நெக் என்று சேர்த்துத் தனக்கு ஒன்று கட்டிக்கொண்டார். 'பிளாக்கி' என்று பெயர் வைத்து வருடக்கணக்காக வாசித்த அந்தக் கிட்டார் 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. கவனியுங்கள், இவரை விட விசுவாசமான ஃபெண்டர்காரர் கிடையாது. ஆனால் அந்த விசுவாசத்தில் ஒரு பைசா சிபிஎஸ் கல்லாவில் விழவில்லை. கம்பெனிக்குப் போட்டியாக நின்றது அதே கம்பெனி 1956-லும் 1962-லும் செய்த கிட்டார்கள்தான்.

லியோ மேல்தான் பக்தி என்றால், அதைக் காட்டவும் வாய்ப்பு வந்தது. போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற பத்து வருடத் தடை முடிந்ததும் அவர் மியூசிக் மேன் என்ற வேறொரு கிட்டார் கம்பெனியில் வெளிப்படையாக உட்கார்ந்தார். பிறகு பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் என்று ஒன்று தொடங்கி, அதே ஃபுல்லர்டன் ஊரில் சாகும்வரை கிட்டார் வடிவமைத்தார். நல்ல கிட்டார்கள். வாசித்துப் பார்த்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள். அப்படியும் கூட்டம் அந்தப் பக்கம் திரளவில்லை. உண்டாக்கிய மனிதரே பக்கத்துத் தெருவில் கடை போட்டிருக்கிறார், ஜனங்கள் பழைய பெயர்ப்பலகையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லியோ இல்லை. அந்த வளைவு, அந்த எழுத்து, அந்தச் சத்தம், மூன்றும் ஒரே இடத்தில்.

சிபிஎஸ் வந்ததும் எல்லாம் குட்டிச்சுவர் என்பதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். 1969-ல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது 1968-ல் செய்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரில், பெரிய ஹெட்ஸ்டாக்கோடு. சிபிஎஸ் சரக்கேதான். அபிகெய்ல் இபாரா என்ற அம்மா 1956-ல் ஃபெண்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) கம்பிச் சுருள் சுற்றினார். முதலாளி மாறினார், மறுபடி மாறினார், அந்த அம்மா 2013-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். அவர் கையெழுத்துள்ள பிக்கப்புக்கு இன்றும் தனி மதிப்பு. அதே கை 1964-ல் சுற்றினால் அமிர்தம், 1966-ல் சுற்றினால் தகரமா?

என் நண்பனின் பெரியப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். 1974-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், ஓட்டலில் தட்டு கழுவிச் சேர்த்த காசில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். போன வருடம் அதைத் தூசி தட்டி எடுத்து என்னை வரச்சொன்னார். நான் மேஜையில் துண்டு விரித்துக் கவிழ்த்துப் போட்டேன். முக்கோணமாக மூன்று ஸ்க்ரூ, பிளேட்டில் எஃப் எழுத்து, நெக்கின் கோணத்தை மாற்ற ஒரு குட்டித் துளை. கதைகளை எல்லாம் கேட்டிருந்த நான் நெக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. "என்ன தம்பி, பல் டாக்டர் மாதிரி ஆட்டிப் பாக்கறீங்க?" என்றார்.

சரி, கதைக்கு வருவோம். 1981-ல் சிபிஎஸ்ஸே யமஹாவிலிருந்து பில் ஷல்ட்ஸ் முதலியவர்களைக் கூட்டிவந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. அவர்கள் முதலில் செய்தது பழைய கிட்டாரைப் பிரித்து அளவெடுத்ததுதான். 1957, 1962 மாடல்களை அப்படியே மறுபடி செய்து 1982-ல் வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் எந்த வருடத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறார் என்பது தெரிந்துவிட்டது, அந்த வருடத்தையே புதுசாகச் செய்து விற்றார்கள். 1985-ல் ஷல்ட்ஸும் சக ஊழியர்களும் 1.25 கோடி டாலருக்குக் கம்பெனியையே வாங்கினார்கள். இருபது வருடத்தில் அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, கம்பெனியின் விலையோ 1965-ஐ விடக் குறைந்திருந்தது. ஃபுல்லர்டன் தொழிற்சாலைகூட அதில் சேர்த்தி இல்லை. ஜப்பானில் செய்த கிட்டார்களை விற்றுச் சமாளித்து, கொரோனா என்ற பக்கத்து ஊரில் புதுப் பட்டறை போட்டார்கள். (வைரஸுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை.) ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

அளவுக்கு மீறியும் வந்தார்கள் என்பேன். 1990களின் நடுவிலிருந்து புதுக் கிட்டாரைத் தேய்த்து, பூச்சைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். முப்பது வருடம் வேர்வை பட்டுத் தேயவேண்டியதைக் கடையிலேயே தேய்த்துத் தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் வியாபாரம் ஓடுகிறது.

இன்னொரு பெரிய அமெரிக்க கிட்டார் கம்பெனியான கிப்ஸன் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அங்கே தாய்வீடான கலமசூ தொழிற்சாலையை 1984-ல் மூடி நாஷ்வில்லுக்குப் போனார்கள். ஊரை விட்டு வரமாட்டோம் என்ற பழைய ஊழியர்கள் சிலர் அதே கட்டடத்தில் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். கட்டடமும் கையும் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். சந்தையில் பெயர்தான் ஜெயித்தது. நம் ஊரில் பலருடைய முதல் கிட்டார் கல்கத்தாவில் செய்த 'கிவ்ஸன்', என்னுடையதும் அதுதான். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒலியின் செல்வாக்கை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவிடம் இந்த ப்ரீ-சிபிஎஸ் கதையை ஒருமுறை சொன்னேன். அவர் கேட்டதே இல்லையாம். கடையில் தொங்கியது, பிடித்தது, வாங்கினேன் என்றார். இப்போது 1970களின் கிட்டாரும் 'விண்டேஜ்' கணக்கில் சேர்ந்துவிட்டது, நல்ல விலை வரும் என்றும் சொல்லிவைத்தேன். கிட்டாரை என் மடியிலிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. கம்பி துருப்புடிச்சுக் கெடக்குது, அதை மட்டும் மாத்திக் குடுங்க."