மழைக்கு இத்தனை சொல்லா? ஜப்பானிய மொழி கேள்வி - பதில்

ஜப்பானிய மொழி படிக்கும் வாசகர்கள் மழைச் சொற்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். 'ஃஸ' என்று அச்சிட்டிருப்பது தொண்டை அதிரச் சொல்லும் ஸகரம்.

எங்கள் பாடப்புத்தகத்தில் மழைக்குப் பொட்ஸுபொட்ஸு, பரபர, ஷிதொஷிதொ, ஃஸாஃஸா என்று நான்கு சொற்கள் வருகின்றன. நான்குக்கும் 'மழை பெய்கிறது' என்றே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சையில் எதை எங்கே போடுவது?
- மாணவி, கோண்டாவில்

முதலில் அந்தக் குறிப்பை வெட்டிவிடுங்கள். 'பெய்கிறது' என்பதற்கு 'ஃபுரு' என்ற வினை தனியே இருக்கிறது. நீங்கள் கேட்டவை எப்படிப் பெய்கிறது என்பதைச் சொல்பவை. நமது இரட்டைக்கிளவி போன்றவை.

பொட்ஸுபொட்ஸு மழை தொடங்கும் நேரத்துக்குரியது. முற்றத்து மண்ணில் துளிகள் தனித்தனிப் பொட்டாக விழ, விழுந்த இடங்களை எண்ணக்கூடியதாக இருக்கும்வரை இந்தச் சொல்தான். கையில் ஒரேயொரு துளி பட்டால் 'பொட்ஸுரி'.

பரபர என்றால் துளிகள் ஐதாகத் தூவி, சற்று நேரத்தில் விட்டுவிடும் மழை. குடை விரிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் அளவு. ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் பொரித்த சோற்றுக்கும் இதே சொல்லைப் பாவிப்பார்கள். 'சிறு மணிகள் உதிர்தல்' என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் இரண்டு இடமும் விளங்கும். தமிழிலுள்ள 'பரபரப்பு' என்ற சொல்லோடு இதற்கு உறவில்லை.

ஷிதொஷிதொவில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். துளி சிறியது, காற்றில்லை, சத்தம் மிகக் குறைவு, ஆனால் விடாமல் நெடுநேரம் பெய்யும். டோக்கியோப் பக்கம் ஜூன் முற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை நீடிக்கும் 'ட்ஸுயு' மழைக்காலத்தை வர்ணிக்க இதைத்தான் எடுப்பார்கள். 'விடாமல்' என்ற ஒன்றை மட்டும் பார்த்து நமது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இதைப் போட்டால் பிழை. வாடைக்காற்றோடு சோவென்று ஊற்றும் மழை ஃஸாஃஸாதான். சடாரென ஒருமுறை கொட்டிவிட்டு ஓய்ந்தால் 'ஃஸாத்தொ'.

பரீட்சையில் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். 'பெய்யத் தொடங்கியது' என்றிருந்தால் பொட்ஸுபொட்ஸு. 'அமைதியாக', 'காலையிலிருந்து' என்றிருந்தால் ஷிதொஷிதொ. 'குரல் கேட்கவில்லை' என்றிருந்தால் ஃஸாஃஸா. மெல்லிய மழை மனத்தைச் சோர வைக்கிறது என்ற தொனி இருந்தால் ஷொபொஷொபொ என்ற ஐந்தாவது சொல்லும் விடையாக வரலாம்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடமாக்குகிறேன். ஆனால் நான் கதைக்கும்போது ஜப்பானியருக்கு விளங்குவதில்லை. ஏன்?
- வாசகர், நெல்லியடி

காரணம் தமிழ் எழுத்துத்தான். நமது 'ப' ஒன்றே இரண்டு ஒலியைச் சுமக்கிறது: 'பல்' என்னும்போது ஒன்று, 'கம்பு' என்னும்போது வேறொன்று. எது எங்கே என்று நமது நாக்குத் தானாகத் தீர்மானிக்கும். ஜப்பானிய மொழியில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள்.

'பரபர' என்பதை நமது வழக்கப்படி வாசித்தால் முதல் ப 'பல்' போலவும், இரண்டாவது 'கம்பு' போலவும் வந்துவிடும். அப்படியொரு சொல் அங்கே இல்லை. இரண்டும் 'பல்' ஒலியாக இருந்தால் மெல்லத் தூவும் மழை. இரண்டும் 'கம்பு' ஒலியானால் பெரிய துளிகள் சடசடவென்று விழுவது. பொருள்கள் கழன்று சிதறிக் கிடப்பதற்கும் அதுவே சொல். பொதுவாகவே 'கம்பு' ஒலி போலத் தொண்டை அதிரும் ஒலி வந்தால் கனம், பருமன், முரட்டுத்தனம் கூடும். 'கல்' ஒலியில் கொரொகொரொ என்றால் சிறிய உருண்டை உருளுவது; 'சங்கு' ஒலியில் சொன்னால் இடி உருளுவது. இந்த ஒரு விதியைப் பிடித்தால் அறியாத சொல்லையும் பாதி ஊகிக்கலாம்.

இன்னும் மோசமானது ஃஸாஃஸா. அதிர்வில்லாமல் 'ஸாஸா' என்று சொன்னால் 'வாருங்கள், வாருங்கள்' என்று உந்தி அழைப்பதாகிவிடும். தொண்டைக்குழியில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். விரலில் அதிர்வு தெரியாவிட்டால் ஒலி பிழை.

அடுத்தது உயிரொலி. ஷிதொஷிதொவில் 'ஷி'யின் இகரத்தை டோக்கியோப் பேச்சில் குரலின்றி மூச்சாக விடுவார்கள். 'ஷ்தொஷ்தொ' என்பதுதான் காதில் விழும். பொட்ஸுவின் உகரமும் அப்படியே தேயும்.

ஆகவே ஹிரகானா எழுத்திலேயே பாடமாக்குங்கள். 'ஹ' எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போட்டால் 'கம்பு' ஒலி, சிறு வட்டம் போட்டால் 'பல்' ஒலி. கண் அதைப் பார்த்தால் நாக்கு வழிதவறாது.

இந்தச் சொற்களோடு 'தொ' சேர்ப்பதா, 'ஸுரு' சேர்ப்பதா?
- ஆசிரியர், சாவகச்சேரி

தமிழருக்கு இது இலகு. 'மழை என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' ஜப்பானிய மொழியில் 'தொ'. 'சோவென்று பெய்கிறது' என்பதில் வரும் அதே 'என்று'வும் 'தொ'தான்: ஃஸாஃஸா தொ ஃபுரு. இரட்டித்த சொல்லானால் தொவை விட்டும் சொல்லலாம். பொட்ஸுரி, ஃஸாத்தொ போன்ற ஒற்றைச் சொற்களில் தொவை விடமுடியாது. ஃஸாத்தொவின் முடிவில் நிற்பதே அந்தத் தொதான்.

இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் பாதிச் சொல் இப்படி வேறு விகுதி எடுத்துத் தனியே நடமாடும். மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

'செய்தல்' என்று பொருள்படும் 'ஸுரு' நிலைமையைச் சொல்பவற்றோடு வரும்: ஈரலிப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் ஜிமெஜிமெ ஸுரு. தெப்பமாக நனைந்துவிட்டால் பிஷொபிஷொ நி நரு. நி நரு என்றால் 'ஆகிவிடுதல்'. இங்கே சுருதியும் மாறும். ஃஸாஃஸா போல வினையை விளக்கும்போது முதல் அசை உயர்ந்து உடனே இறங்கும். நி நரு சேர்ந்தால் இறங்காமல் சமமாகப் போகும்.

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகவிருக்கிறேன். இவை சிறுபிள்ளைப் பேச்சு, படிக்கத் தேவையில்லை என்கிறார்களே?
- வாசகி, பருத்தித்துறை

தேவை. பெரியவர்கள் நாளாந்தம் பேசுவது இப்படித்தான். அறை ஜிமெஜிமெ என்றால் ஈரம் கட்டியிருக்கிறது, காற்றோட்டம் வேண்டும். முஷிமுஷி என்றால் நமது புழுக்கம், வெக்கையும் சேர்ந்தது. இடிக்குச் சொன்ன அதே சொல்லை ('சங்கு' ஒலிக் கொரொகொரொ) ஒரு முதியவர் வயிற்றைத் தொட்டுச் சொன்னால் வயிறு இரைகிறது என்று பொருள். அதைக் குறித்துவைத்து அறிவியுங்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும் இவற்றைத் தவிருங்கள்.

தொலைக்காட்சி வானிலை அறிவிப்பிலும் இவை வருமா?
- வாசகர், சுன்னாகம்

வரும். ஜப்பானிய வளிமண்டலவியல் நிறுவனம் மழையின் கடுமையை ஒரு மணித்தியாலத்தில் பெய்யும் அளவை வைத்து வகுத்து, ஒவ்வொரு படிக்கும் அது எப்படியிருக்கும் என்று எழுதியிருக்கிறது. 10 முதல் 20 மில்லிமீற்றருக்குள் என்றால் ஃஸாஃஸா என்று பெய்யும். வீட்டுக்குள் பேச்சுச் சரியாகக் கேட்காது. 20 முதல் 30 வரை 'தொஷபுரி', அதாவது கொட்டும் மழை. குடை பிடித்தாலும் நனைவீர்கள். 30 முதல் 50 வரை வாளியைக் கவிழ்த்ததுபோல, வீதி ஆறாகும். இதற்கு 'ஹகெஷீ' (கடுமையான) என்ற அடைமொழி. 50 முதல் 80 வரை அருவிபோல 'கோகோ' என்ற இரைச்சலோடு, குடையால் பயனேயில்லை. 80க்கு மேல் 'மோரெட்ஸு' (மூர்க்கமான). மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், அச்சம் வரும் என்றே எழுதியிருக்கிறார்கள்.

நமது வானிலை அறிக்கையில் கேட்கும் 75, 100 மில்லிமீற்றர் என்பன ஒரு நாளைக்குரியவை. அந்தக் கணக்கில் அங்கே '50' என்பதைக் குறைவாக நினைத்து வெளியே புறப்பட்டுவிடாதீர்கள். 'ஹகெஷீ' என்று காதில் விழுந்தாலே தாழ்வான வீதிகளையும் நிலக்கீழ் நடைபாதைகளையும் தவிர்த்துவிடுங்கள்.