திரும்ப ஞானஸ்நானம் எடுக்கலாமா? போதகரிடம் கேள்வி பதில்

வள்ளியூர்: ஐயா, கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அது செல்லாது, தாமிரபரணியில் முழுக்கு எடு என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள்.

வேண்டாம் தம்பி. ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுக்கிறவர் கடவுள். உனக்கு நினைவில்லை என்பதால் அவர் மறந்துவிடவில்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடமான சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்று ஒரு கேள்வி உண்டு. வெறும் தண்ணீர் செய்யாது, தண்ணீரோடு இருக்கிற தேவ வார்த்தையும் அதை நம்புகிற விசுவாசமுமே செய்யும் என்பது பதில். முழுக்கா, தலையில் ஊற்றுவதா என்பதல்ல சண்டை. முழுக்கு நல்ல அடையாளம் என்று லுத்தரே சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டாம் முறை எடுத்தால், முதலில் தேவன் தந்த வாக்கு வெறும் சடங்கு என்று நீயே சொன்னதாகிவிடும்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்லி வைக்கிறேன்: உணர்ச்சியை வைத்து இரட்சிப்பை அளக்காதீர்கள். இன்று கண்ணீர் வரும், நாளை வராது. வாக்கு அப்படியே இருக்கும்.

சாத்தான்குளம்: முழுக்கு ஞானஸ்நானம்தான் சரி என்கிறார்களே, ஐயா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அம்பாசமுத்திரம்: எட்டாம் மாதத்தில் என் பிள்ளை இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. அது பரலோகம் போகாது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். இரவில் தூக்கம் இல்லை ஐயா.

அம்மா, அவர் சொன்னது தவறு. வேதத்தில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை.

1542-இல், இப்படிப் பிள்ளையை இழந்த தாய்மாருக்காகவே லுத்தர் ஒரு சிறு ஆறுதல் எழுத்து எழுதினார். முதலில் அவர், இது உங்கள் குற்றமல்ல, தேவன் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்று எண்ணாதீர்கள் என்கிறார். அப்புறம் யாத்திராகமம் 14-ஐ எடுக்கிறார். செங்கடல் கரையில் மோசே கடவுளை நோக்கி வாய்திறந்து ஜெபித்ததாக எழுதப்படவில்லை. ஆனாலும் "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன?" என்று கர்த்தர் கேட்கிறார். மோசேயின் உள்ளத்துத் தவிப்பே அவருக்கு முறையீடாகக் கேட்டிருக்கிறது. வயிற்றில் இருந்த பிள்ளைக்காக எட்டு மாதமும் நீங்கள் விட்ட பெருமூச்சும் அப்படித்தான். ரோமர் 8:26 சொல்வதும் அதுதான்: ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார்.

ஞானஸ்நானத்தை அலட்சியமாகத் தள்ளுவது வேறு, கொடுக்க வழியில்லாமல் போவது வேறு. நம்மை அதற்குக் கட்டுப்படுத்திய தேவன் தம் வல்லமையை அதற்குள் அடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் உங்கள் போதகரிடம் சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். பெயர் வைக்கவில்லையென்றால் இப்போது வையுங்கள். அந்த உறவுக்காரர் மறுபடி பேசினால் பதில் சொல்லும் பொறுப்பைப் போதகரிடம் விடுங்கள், நீங்கள் வாதாட வேண்டாம்.

திசையன்விளை: ஜெபித்த எண்ணெய் பாட்டில் வாங்கலாமா?

காசு கேட்டால் வாங்காதீர்கள். யாக்கோபு 5:14-இல் மூப்பர்கள் நோயாளியிடம் வந்து ஜெபித்து எண்ணெய் பூசுகிறார்கள், விற்கவில்லை.

பாளையங்கோட்டை: நெல்லைச் சபைக்கு லுத்தர் வழி வந்த லுத்தரன்கள் என்ன செய்தார்கள்? இங்கே ஊழியம் செய்த ரேனியஸ், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மிஷனரிதானே?

இல்லை. ரேனியஸ் பிரஷ்யாவிலிருந்து வந்த லுத்தரன். ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கமான சி.எம்.எஸ். அனுப்ப, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருக்கு முன்பே 1778-இல் இங்கே குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸும் லுத்தரன்தான். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள், முதல் பெயர் குளோரிந்தா. இங்கே ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-இல் லுத்தரன் முறைப்படிதான் போதகராக அபிஷேகம் பெற்றார்.

நாசரேத்: ஐயா, சி.எம்.எஸ். அனுப்பியவரை லுத்தரன் என்று சொந்தம் கொண்டாடுவது நியாயமா? கடைசியில் அவரை நீக்கியதும் அவர்கள்தானே?

நீக்கினார்கள், 1835-இல். ஏன் என்று பாருங்கள். கூட உழைத்த உபதேசிமாருக்கு ஆங்கிலிக்கன் பேராயர் கையால்தான் அபிஷேகம் ஆக வேண்டும் என்றபோது அவர் ஒப்பவில்லை. ஆங்கிலிக்கன் ஒழுங்கை விமரிசித்து எழுதவும் செய்தார். லுத்தரனாக இருந்ததுதான் அந்தச் சண்டைக்கே வேர்.

நாசரேத்: ஆனால் அதனால் சபை இரண்டாகப் பிளந்ததே?

பிளந்தது, உண்மை. பல உபதேசிமார் அவரோடு போனார்கள். 1838-இல் அவர் இறந்தபின்தான் மெல்ல ஒன்று சேர்ந்தார்கள். அந்த வேதனையை நான் மறைக்கவில்லை. அவருக்கு உரிமை கொண்டாடுவதும் என் நோக்கமில்லை. இன்று தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் இருக்கிற என் சொந்தக்காரர்களும் லுத்தரனான நானும் ஒரே விதைப்பின் விளைச்சல். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

தென்காசி: முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் ஆவி வருமா?

முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

நாங்குநேரி: திருவிருந்து நேரம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றுகிறது.

தகுதி இருக்கிறவர்களுக்கு என்று அந்தப் பந்தி வைக்கப்படவில்லை. உபவாசமும் ஒழுங்கும் நல்ல வெளி ஆயத்தம்தான், ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, பாவமன்னிப்புக்காகச் சிந்தப்பட்டது" என்பதை நம்புகிறவரே தகுதியானவர் என்று ஞானோபதேசம் சொல்கிறது. இதிலும் உணர்ச்சியை அளக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட பாவம் உறுத்தினால் சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போய்த் தனியே அறிக்கை செய்யுங்கள். அவர் மன்னிப்பை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லுவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எழுந்து போகாமல் முன்னால் வாருங்கள்.