"எக்லெக்டிக் டேஸ்ட்"னு ப்ரொஃபைல்ல போடலாமா?

கேள்வி: மேட்ரிமோனி ப்ரொஃபைல்ல மியூசிக்ல எனக்கு "எக்லெக்டிக் டேஸ்ட்"னு போட்டேன். அக்கா படிச்சுட்டு "என்னடி, கரண்ட் சமாச்சாரமா?"ன்னு ஓட்டுறா. சரியாத்தான் போட்டிருக்கேனா? (வேளச்சேரி வாசகி)

பதில்: கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. Eclectic, electric ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், அவ்ளோதான். சொல்றப்போ "இக்ளெக்டிக்", அழுத்தம் நடுவுல.

வேர் கிரேக்கம், பொறுக்கி எடுக்கறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஒரே தத்துவப் பள்ளிய கட்டிக்கிட்டு அழாம, ப்ளேட்டோகிட்ட கொஞ்சம் ஸ்டோயிக் ஆளுங்ககிட்ட கொஞ்சம்னு பிடிச்சத மட்டும் எடுத்துக்கிட்டவங்களுக்கு இந்தப் பேரு இருந்துச்சு. அதனால பலதும் பிடிக்கும்ங்கறது மட்டும் பத்தாது, எடுக்கற இடமும் வேற வேறயா இருக்கணும், எடுக்கறதுல ஒரு தேர்வும் இருக்கணும். இளையராஜா, ரஹ்மான், அனிருத் மூணு பேரும் பிடிக்கும்னா அது எக்லெக்டிக் இல்ல, மூணும் சினிமாப் பாட்டுதானே! மார்கழில மயிலாப்பூர் சபால கச்சேரி, மத்த நாள்ல வடசென்னை கானா, ராத்திரி ஹெட்ஃபோன்ல ஜாஸ்னு இருந்தா தாராளமா போடுங்க. ஷேர் ஆட்டோல ஓடுற எஃப்எம்ம தலையெழுத்தேன்னு கேட்டுட்டு வர்றவங்களுக்கு இந்த வார்த்தை செட்டாகாது.

ரசனைக்கு மட்டும்தான்னு இல்ல. 1892ல கட்டி முடிச்ச நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ட பாருங்க, முகலாய பாணி குவிமாடம், இந்திய வேலைப்பாடு, ஐரோப்பிய அமைப்பு எல்லாம் ஒரே கட்டடத்துல. அதையும் எக்லெக்டிக் ஸ்டைல்னு சொல்லலாம்.

சாப்பாட்டுல தான் நிறைய பேரு சறுக்குறாங்க. வத்தக்குழம்புல புளிப்பு, காரம், லேசா கசப்புன்னு எல்லாம் இருக்கே, அப்ப எக்லெக்டிக் டேஸ்ட்தானேன்னா கிடையாது, இங்க டேஸ்ட்னா ரசனை, நாக்கு ருசி இல்ல. ஆனா ஒரே மெனுல அத்தோ (பர்மா நூடுல்ஸ்), செட்டிநாடு கோழி, பாஸ்தா மூணும் இருந்தா அந்த மெனுவ எக்லெக்டிக்னு சொல்லலாம். "எக்லெக்டிக் பர்சன்"னு ஆளுக்குப் போடறது தப்பில்ல, என் காதுக்கு என்னவோ இடிக்குது, டேஸ்ட், மிக்ஸ், கலெக்‌ஷன் இதுங்களோட தான் நல்லா ஒட்டும்.

உங்க ப்ரொஃபைல்ல அந்த வரிய அப்படியே வெச்சுக்கோங்க, பக்கத்துலயே நீங்க கேக்கற ரெண்டு மூணு வகைய பேரோட போட்டுடுங்க. வெறும் எக்லெக்டிக்னு விட்டா பையன் வீட்லயும் உங்க அக்கா மாதிரி ஒருத்தர் கரண்டத்தான் கேப்பாங்க.