ஜப்பான் ஹோட்டலில் பல வகை சாப்பிட ஆசை, பில் எவ்வளவு வரும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் ஜப்பான் பயணச் செலவு பற்றி எழுதியதிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சாப்பாடு பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஐந்தாக்கி இங்கே பதில் சொல்கிறேன். டோக்கியோவில் பல வருடங்களாகக் குடும்பத்தோடு இருக்கிறேன், நான் சொல்வது அந்த அனுபவத்திலிருந்து.

கேள்வி: ஷின்ஜுகு பக்கம் ஓர் இஸகாயாவுக்கு நாலு பேர் போனோம். நாங்கள் கேட்காமலே ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வைத்தார்கள். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் அதற்கு ஆளுக்கு 400 யென். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, ஏமாற்றவில்லை. அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் ஒதோஷி. ஒசாகா, கியோட்டோ பக்கம் த்ஸுகிதாஷி என்பார்கள். இஸகாயா என்பது குடித்துக்கொண்டே பல சின்னத் தட்டுகளைப் பகிர்ந்து சாப்பிடும் கடை. அங்கே முதலில் பானம் சொல்வீர்கள், அது வரும்போதே கூட வருவது இது: கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலட், அல்லது வேகவைத்த கடல்பாசி, அல்லது ஒரு துண்டு டோஃபு. உட்காரும் இடத்துக்கான கட்டணத்தை இந்தக் கிண்ணமாக வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300லிருந்து 500 யென் வரை சாதாரணம். சில சங்கிலிக் கடைகளில் உட்காரும்போதே வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள், ஆனால் சாப்பிட்ட பிறகு வாதாடுவதில் அர்த்தமில்லை.

உங்கள் பில்லில் நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்று. 2021 ஏப்ரலில் இருந்து ஜப்பானில் வரி சேர்த்த விலையைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வரி இல்லாத விலையையும் பக்கத்தில் போடலாம், அதனால் சில மெனுக்களில் வரி இல்லாத விலை பெரிய எழுத்திலும் வரி சேர்த்தது அதன் கீழே பொடி எழுத்திலும் இருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பார்சல் வாங்கினால் 8. நாலு பேர் 600 யென் தட்டு எட்டும், 500 யென் பானம் எட்டும் சொன்னால் மனக்கணக்கில் 8,800 வரும். ஒதோஷி 1,600, வரி 10 சதவீதம் சேர்த்தால் 11,440. ஆளுக்கு 2,860 யென். வயிறு நிறைய, எட்டு ஒன்பது வகை ருசி பார்த்ததற்கு இது நல்ல விலை என்றே சொல்வேன். ராத்திரி வெகு நேரமானால் 10 சதவீதம் கூடுதல் போடும் கடைகளும் உண்டு, அது மெனுவில் எழுதியிருக்கும்.

பல வகை சாப்பிட ஆசைப்படுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இஸகாயாதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாதீர்கள், முதலில் நாலு தட்டு போதும்: சஷிமி மோரியவாசே, அதாவது பல மீன்களைப் பச்சையாகச் சீவி அடுக்கிய தட்டு, உப்புப் போட்டு வேகவைத்த எதமாமே என்ற பச்சை சோயா, கராகே என்ற கோழிப் பொரியல், சூடான சாறில் மிதக்கும் அகேதாஷி டோஃபு. அப்புறம் யாகிதோரி குச்சிகள், உப்பிலா சாஸிலா என்று கேட்பார்கள், நல்ல கடையில் உப்பு சொல்லுங்கள், கோழியின் ருசி தெரியும். கடைசியில் சோறு. அதை 'ஷிமே' என்பார்கள், முடித்துவைப்பது என்று அர்த்தம். தேநீரோ சாறோ ஊற்றிய ஓச்சாஸுகே ஒரு கிண்ணம் சாப்பிட்டால், வீட்டில் கடைசியாக ரசம் சாதம் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஷின்ஜுகுவின் கபுகிச்சோ, ஷிபுயா மாதிரி இடங்களில் தெருவில் நின்று 'வாங்க, மலிவு' என்று கூப்பிடும் ஆளின் பின்னால் போகவே போகாதீர்கள். அப்படிக் கூட்டிப்போகும் சில கடைகளில் பில் பல மடங்கு வரும், போலீஸே ஒலிபெருக்கியில் எச்சரிக்கிற விஷயம் இது.

கேள்வி: இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று 3,500 யென்னுக்கு யாகினிகு கடையில் போட்டிருக்கிறார்கள். லாபமா?

இதற்குப் பெயர் தாபெஹோதாய். இறைச்சியை மேசையிலேயே சுட்டுச் சாப்பிடப் பிடிக்கும், பசியும் இருக்கிறது என்றால் போங்கள். பல வகை ருசி பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம், சுற்றிச் சுற்றி அதே இறைச்சிதான் வரும். அதோடு மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும், 'அப்பா கொஞ்சம்தான் சாப்பிடுவார்' என்றால் நடக்காது. முடிவதற்கு 20 அல்லது 30 நிமிடம் முன்பே கடைசி ஆர்டர் வாங்கிவிடுவார்கள். மிச்சம் வைத்தால் தனியாகக் காசு என்றும் எழுதியிருக்கும். பானம் பெரும்பாலும் இதில் சேராது. மலிவான திட்டத்தில் பன்றியும் கோழியும்தான் அதிகம் இருக்கும், நல்ல மாட்டிறைச்சி மேல் திட்டத்தில். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் கூட வந்தால் இந்தக் கடையே வேண்டாம், எல்லாம் ஒரே கம்பி வலையில்தான் வேகும்.

கேள்வி: சுஷிக்கு எங்கே போகலாம், சுற்றிவரும் தட்டுக் கடைக்கா, மீன் சந்தைப் பக்கத்துக் கடைக்கா?

முதல் தடவை என்றால் சுற்றிவரும் தட்டுக் கடைக்கே போங்கள், கைதென்-ஸுஷி என்பார்கள். 1958ல் ஒசாகா பக்கம் ஆரம்பித்தது. பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்ந்துபோவதைப் பார்த்து வந்த யோசனை அது. இப்போது நிறையக் கடைகளில் தட்டுகள் சும்மா சுற்றுவதில்லை, தொடுதிரையில் சொன்னதை நேராக உங்கள் மேசைக்கு அனுப்புகிறார்கள். ஒரு தட்டில் பெரும்பாலும் இரண்டு துண்டு, தட்டின் நிறத்தைப் பார்த்தோ திரையிலோ விலை தெரியும், எவ்வளவு ஆயிற்று என்று நடுவில் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். வெள்ளை மீனில் ஆரம்பித்து, சூரையின் சிவந்த சதை, அப்புறம் கொழுப்புள்ள சூதோரோ, கடைசியில் இனிப்பாகச் செய்த முட்டை என்று போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். மேசையில் இருக்கும் குழாயில் வருவது தேநீருக்கான கொதிநீர். பிள்ளைகள் கை கழுவும் குழாய் என்று நினைத்துத் தொட்டுவிடுவார்கள், உட்கார்ந்ததும் சொல்லிவையுங்கள்.

சந்தைப் பக்கத்தில் நல்ல கடைகள் இருக்கின்றன, ஆனால் மெனுவில் விலை இருக்கும் இடத்தில் 'ஜிகா' என்று எழுதியிருந்தால் கேட்காமல் சொல்லாதீர்கள். அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். வந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு கடையில் அப்படி ஒரு நண்டைச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு தட்டுக்கு மட்டும் 9,800 யென். நண்டு அருமைதான், ஆனால் முன்னாலேயே தெரிந்திருந்தால் அதே காசில் வீட்டார் மூன்று பேரும் சுஷி சாப்பிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 'இகுரா தெஸ் கா', எவ்வளவு என்று கேட்பதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேள்வி: அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை. ஜப்பானில் காய்கறி டெம்புரா, மிசோ சூப், டோஃபு சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

சரியில்லை, அம்மாவுக்குத் தெரியாமலே மீன் உள்ளே போய்விடும். ஜப்பான் சமையலின் அடிப்படை தாஷி என்ற சாறு. கொம்பு என்ற கடல்பாசியோடு, காய்ந்து கட்டையாகிப்போன காத்ஸுவோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. (நம் இலங்கை, மாலத்தீவு மாசிக்கு அது நெருங்கிய உறவு.) மிசோ சூப், சோபா, ஊதோன் என்ற நூடுல்ஸ்களின் சாறு, அகேதாஷி டோஃபு, வேகவைத்த காய் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். 'இறைச்சி இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது பொய்யும் இல்லை, ஏனென்றால் மீன் சாறை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காய்கறி டெம்புராவில் மாவில் முட்டை, தொட்டுக்கொள்ளும் சாறில் மீன், எண்ணெய் இறால் பொரித்த எண்ணெய். கியோட்டோவில் யுதோஃபு என்று டோஃபுவைக் கொம்பு போட்ட நீரில் கொதிக்கவைத்துத் தருவார்கள், கேட்கவே சைவமாகத் தெரியும், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் இருக்கலாம்.

அம்மாவுக்கு ஏற்றது ஷோஜின் ர்யோரி, புத்த மடத்துச் சமையல். மீன், இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது, சாறுக்குக் கொம்பும் காய்ந்த ஷிதாகே காளானும்தான். பல வகை என்ற ஆசையும் இதில் தீரும், சின்னச் சின்னக் கிண்ணத்தில் எள்ளில் செய்த டோஃபு, மலைக் கீரை, ஊறுகாய், சோறு என்று வரிசையாக வரும். வாகாயாமா மாவட்டத்துக் கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கி ராத்திரியும் காலையும் சாப்பிடலாம். அதிலும் முட்டையும் மீன் சாறும் கூடாது என்று முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். மற்ற நாட்களில் வெள்ளரி வைத்துச் சுருட்டிய காப்பா மாகி சுஷி, உப்பு எதமாமே, வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டை. டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாயில் இந்திய ஹோட்டல்கள் உண்டு, ஒரு வேளை அங்கே கூட்டிப்போனால் அம்மாவுக்கும் நிம்மதி.

இன்னொன்று, வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் கவனம். பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட்) மாவு, நிலக்கடலை, இறால், நண்டு, அக்ரூட் போன்றவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஹோட்டல் சாப்பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு சீட்டில் ஜப்பானிய மொழியில் எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: கியோட்டோவில் கைசெகி விருந்துக்கு முன்பதிவு செய்யலாமா? போக முடியாவிட்டால் பணம் திரும்புமா? டிப்ஸ் எவ்வளவு?

கைசெகி என்பது சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஜப்பானியப் பெருவிருந்து. அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணமும் போகும் என்பது பல கடைகளில் விதி. உங்கள் தலையை எண்ணித்தான் மீனும் காயும் வாங்கியிருப்பார்கள், அதனால் நான் அதை நியாயம் என்றே நினைக்கிறேன். எத்தனை நாள் முன்பு வரை சும்மா ரத்து செய்யலாம் என்பதைப் பதிவு செய்யும்போதே படியுங்கள். ராத்திரி விருந்து 15,000, 20,000 யென்னுக்கு மேல் போகும் கடையில் மதிய விருந்து அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு, சில தட்டுகள் குறையுமே தவிர கை அதே கைதான். பகலில் போங்கள்.

டிப்ஸ் கொடுக்க வேண்டாம். பெரிய ஹோட்டல்களிலும் விலை கூடிய உணவகங்களிலும் 10 சதவீதமோ அதற்கு மேலோ சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும், மற்ற இடங்களில் பில்லில் இருப்பதைக் கல்லாவில் கட்டினால் போதும். மேசையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருமுனை வரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். கொடுக்க மனசு இருந்தால், கிளம்பும்போது சமையல்காரரைப் பார்த்து 'கோச்சிசோசாமா', அதாவது விருந்துக்கு நன்றி, என்று சொல்லிவிட்டு வாருங்கள். சின்னக் கடைகளில் கார்டு வாங்காமலும் போகலாம், கையில் கொஞ்சம் யென் நோட்டு இருக்கட்டும்.