கேள்வி – பதில்: முதல் அரை மணி நேரம்

கேள்வி: சிறுவர் முதல் முதியோர் வரை கூடும் இசைப்பட்டறை ஒன்றில் பயிலுநராக உதவி வருகிறேன். அடுத்த வாரம் முதல் அரை மணி நேரத்தைத் தனியே நடத்துமாறு பொறுப்பாளர் கூறியுள்ளார். கர்நாடக இசை கற்றிருந்தும் அஞ்சுகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

பதில்: கற்றவர்களுக்கே உரிய அச்சம் இது. வகுப்பில் பிழை திருத்துவது கடமை. பட்டறையிலோ, ‘எனக்குப் பாட வராது’ என்று கதவோரம் நிற்பவரை உள்ளே அமர வைப்பதே முதல் வேலை. ஆகவே ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையை, இலகு, துருதம் என்ற தாள உறுப்புகளின் விளக்கங்கள் ஏதுமின்றி, வெறும் கைதட்டலாகவே தொடங்குங்கள். பின்னர் மோகன இராகத்தில் சிறு துணுக்குகளைப் பாடி, அவர்களைத் திருப்பிப் பாடச் செய்யலாம். மத்திமமும் (ம) நிடாதமும் (நி) நீங்கிய அந்த இராகத்தில் அரைச்சுர இடைவெளி இல்லாததால், குரல் சற்றுப் பிசகினாலும் காதை அவ்வளவாக உறுத்தாது.

பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் சுருதியில்தான் பலர் சறுக்குகின்றனர். உங்களுக்குப் பழகிய ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஆண்களுக்கு உயரமாக இருக்கும். ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரையான எல்லை) இறக்கினாலோ மிகத் தாழ்ந்துவிடும். இரண்டு கட்டையை வைத்துக்கொண்டு, பெண்களும் சிறுவரும் மேல் ஸ்தாயியிலும் ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பாடுமாறு, துணுக்குகளை ஷட்ஜத்துக்கும் (ச) தைவதத்துக்கும் (த) இடையிலேயே அமையுங்கள். சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகங்களை, மனம் வராவிட்டாலும், வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.