தீபா மன்னரும் சிப்பா சமஸ்தானமும்

கேள்வி: பர்மாவின் கடைசி மன்னர் தீபாவின் பெயரில் ஷான் மலைநாட்டில் ஒரு சமஸ்தானம் இருந்ததாமே? அதை அவர்தான் ஆண்டாரா? பிறகு அது என்னவாயிற்று?

பதில்: அவர் ஆளவில்லை. அரசகுமாரர்களுக்கு ஓர் ஊரின் வருவாயை மானியமாக ஒதுக்கி, அவ்வூரின் பெயராலேயே அவர்களை அழைப்பது, பர்மிய மன்னரின் தலைநகரான மாண்டலே அரண்மனையின் வழக்கம். ஷான் மக்கள் சிப்பா என்று சொல்லும் ஊரைப் பர்மியர் தீபா என்றனர். அந்தப் பெயரே இளவரசருக்கு நிலைத்துவிட்டது. ஊரை ஆண்டவர், 'வானத்தின் அதிபதி' எனப் பொருள்படும் சாவோபா என்ற பட்டமுடைய ஷான் சிற்றரசர்.

1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து, மன்னரை முதலில் நம் சென்னைக்கும் மறு ஆண்டு ரத்னகிரிக்கும் கொண்டுபோயினர். 1916இல் அங்கேயே அவர் இறந்தார். சிப்பா சாவோபாவின் கதையோ நேர்மாறானது. மாண்டலேயோடு பகைத்துக்கொண்டு நாட்டைவிட்டு ஓடியிருந்த அவர், ஆங்கிலேயர் வசமிருந்த ரங்கூனில் தம் ஆட்கள் இருவரைச் சதிகாரர்கள் என்று ஐயுற்றுச் சுட்டுக் கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, பின்னர் வெளியேற்றப்பட்டவர். 1886இல் ஊர் திரும்பிய அவரே, தமக்குத் தூக்குத் தண்டனை விதித்த அதே ஆட்சிக்கு, ஷான் சிற்றரசர்களுள் முதல் ஆளாக 1887இல் பணிந்தார். பரிசாக அண்டையிலிருந்த மூன்று சிற்றரசுகள் சிப்பாவுடன் சேர்க்கப்பட்டன. அரசியல் கணக்கை நன்றாகவே போட்டிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பின் இங்கிலாந்தில் படித்த மகன் ஆண்டார். மாண்டலே–லாஷியோ இருப்புப்பாதையும் அவ்வூர் வழியே வந்தது. 1947ஆம் ஆண்டு அரசியல் சட்டம், பத்தாண்டுகளுக்குப் பிறகு பர்மாவிலிருந்து பிரிந்துபோகும் உரிமையை ஷான் நாட்டுக்கு அளித்திருந்தது. இராணுவத்தின் கண்ணை உறுத்தியது அதுவே.

கடைசி சாவோபாவான சாவோ ச்சா செங், அமெரிக்காவின் கொலராடோவில் சுரங்கப் பொறியியல் படித்தவர். ஆஸ்திரியப் பெண்ணை மணந்து 1954இல் ஊர் திரும்பித் தம் நெல்வயல்களை உழுதவர்களுக்கே கொடுத்துவிட்டார். 1962 மார்ச் 2ஆம் நாள் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபோது, ஷான் நாட்டின் தலைநகரான தௌங்ஜி அருகே ஒரு சோதனைச்சாவடியில் இராணுவத்தினரால் பிடிக்கப்பட்ட அவர் திரும்பவே இல்லை. மனைவியும் இரு மகள்களும் 1964இல் நாட்டைவிட்டு வெளியேறினர். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாவோபாக்கள் அனைவரும் 1959 ஏப்ரலிலேயே பரம்பரை அதிகாரத்தைத் துறந்துவிட்டனர், ஆகவே பிடிபட்ட நாளில் அவர் சட்டப்படி சிற்றரசர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர்.