பதினேழாம் நாள்

அண்ணா,
என் பள்ளித் தோழனின் மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பைக்கில் போனவன்மேல் லாரி மோதி இறந்துவிட்டான். துட்டிக்குப் போன நான், 'எல்லாம் விதிடா, மனசத் தேத்திக்கோ' என்றேன். தோழன் கையை உருவிக்கொண்டான். கருமாதிக்குக்கூட நான் போகவில்லை. 40 நாள் ஆகிறது. என்ன சொல்லி அவனைத் தேற்றுவது?
கே.

அன்புள்ள கே.,
பிள்ளையைப் பறிகொடுத்தவன் காதில் 'விதி' என்பது 'சரி, இதோட விடு' என்றுதான் விழும். ஆனால் துட்டி வீட்டில் உளறாதவர் யார்? 'நல்ல சாவு' என்று நான் ஒரு பாட்டியிடமே சொல்லியிருக்கிறேன். செத்தது அவர் புருஷன்.

வாய் உளறும் என்று தெரிந்துதான் நம் ஆட்கள் பேச்சே இல்லாமல் வைத்திருக்கிறார்கள் போல. ஆண்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள், வீட்டுக்காரர் தொடுவார், போய் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். வந்தவள் தன் வீட்டுச் சாவுக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போவாள். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' கூடக் கிடையாது.

இதெல்லாம் 16-ஆம் நாளோடு சரி. அப்புறம் வாசலில் செருப்பே இருக்காது.

என் அப்பா இறந்த 17-ஆம் நாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். 'ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கிட்டு வாங்க' என்றார். ஸ்கூட்டரில் இ-சேவை மையம். வாரிசுச் சான்றிதழுக்குப் பதிந்தோம். வழியில் இறப்புச் சான்றிதழை 20 ஜெராக்ஸ் எடுத்தார். 'இத்தனை எதுக்கு?' 'கேப்பாங்க.' கேட்டார்கள். வங்கி, மின்வாரியம், கேஸ் என்று 18 தீர்ந்தது. மிச்சம் இரண்டும் பீரோவில் இருக்கின்றன.

உங்கள் தோழனுக்குக் காகித வேலை இன்னும் அதிகம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் வாங்க வேண்டும். இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து. மகன் உயிருக்குக் காசா என்று அவர் அதைத் தொடாமலே இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள், மைத்துனர் யாராவது இருந்தால் அவரிடம் கெடுவைச் சொல்லி, நீங்களும் கூட அலையுங்கள்.

முதலில் நாளைக் காலை போங்கள். 'தெரியாமச் சொல்லிட்டேன்டா' என்றால் போதும், விளக்கம் வேண்டாம். பையனைப் பேர் சொல்லிப் பேசுங்கள். அந்த வீட்டில் இப்போது யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உங்கள் கடிதத்திலும் அது இல்லை.